வரைந்த பிறகு எடுக்கலாம்

“அங்க மேல இருந்த வீட்டைப் பிரிக்கயில யாரைக் கேட்டீங்க தம்பி?” என்று, நான் வேலை பார்த்த அகழாய்வைக் குறித்துக் கானாடுகாத்தான் ஆச்சி கேட்டதற்கு நான் சொன்ன பதில் தவறில்லை. ஆயினும் அதை இன்னும் எனக்குள்ளே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆச்சியின் பழைய செட்டிநாட்டு வீட்டின் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டு, அதைத் தூணும் மரமுமாகப் பிரித்து விற்க நாளும் குறித்தாகியிருந்தது. வேண்டாம் என்று பேச்செடுத்தவன் நான்தான். கட்ச் பகுதியின் உப்புப் பாலையில், ஹரப்பா நாகரிக நகரமான தோலாவிராவின் அகழாய்வில் வரைவாளராக இருந்தவன் என்ற உரிமையில் அந்த நகரத்தைப் பற்றிச் சொன்னேன். 1990 முதல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் அகழ்ந்த மதில்களும் பாறையைக் குடைந்த நீர்த்தேக்கங்களும் கொண்ட அந்தக் கோட்டை நகரின் குடியிருப்பு ஏழு காலகட்டங்களாக அடுக்கடுக்காக அமைந்திருந்ததையும், நகரம் கைவிடப்பட்ட பின் வந்தவர்கள் அதன்மேல் எளிய வட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டதையும், எங்கள் குழியில் தெரிந்த அத்தகைய ஒரு வீட்டின் அடித்தளத்தை எடுத்த பிறகே கீழிருந்த சுவரைக் கண்டதையும் விவரித்தேன். ஆச்சி பிடித்துக்கொண்டது அந்த வட்ட வீட்டைத்தான்.

“கேட்க ஆளில்லை, ஆச்சி. ஆனால் ஒவ்வொரு கல்லையும் வரைந்த பிறகுதான் எடுத்தோம்” என்றேன்.

“அப்ப இதையும் வரைஞ்சிருங்க” என்றார்.

எங்கள் தொழிலின் அடிப்படையே அதுதான். மேலடுக்கை எடுக்காமல் கீழடுக்கை அறிய முடியாது. எடுத்த அடுக்கு திரும்பி வராது. எனவே வரைபடமும் குறிப்பேடுமே அதன் மிச்சம். இதை இப்போதும் முழுமனத்துடன் நம்புகிறேன். வட்ட வீட்டை வரையாமல் எடுத்திருந்தால், அந்த எளிய மனிதர்கள் அங்கு வாழ்ந்ததற்கே எங்கள் குழியில் சான்று இருந்திருக்காது. ஆனால் அங்கே அறிவதற்காகப் பிரித்தோம், இங்கே விற்பதற்காகப் பிரிக்கிறார்கள் என்ற வேறுபாட்டை ஆச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பங்காளிகளுக்கு அதைப் பிரிக்க இருக்கும் உரிமை, பாலையில் எங்களுக்கு இருந்ததைவிடக் கூடுதலானது அல்லவா?

ஆகவே வரைந்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனக் கட்டுக் கட்டாக டேப் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தூண்களின் சுற்றளவுவரை குறித்தேன். அடிக்கல்லுக்கும் தேக்குத் தூணுக்கும் இடையே தாள்கூட நுழையாத அந்தப் பொருத்தத்தைத் தனித்தாளில் பெரிதாக வரைந்தேன். நான் வரையத் தொடங்கிய பிறகு வீட்டில் யாருக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கு என்ன தயக்கம் இருந்திருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தின் நகலை வைத்துக்கொண்டுதான் காரைக்குடி வியாபாரி தூண்களுக்கு விலை போட்டார் என்பதைப் பின்னால் கேள்விப்பட்டேன். படம் இல்லாவிட்டால் அவரே அளந்திருப்பார், அதுவும் உண்மைதான்.

இப்போது அடுத்த தெருவில் இன்னொரு வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். வருவதாகச் சொல்லிவிட்டேன். தூண்களின் சுற்றளவைப் படத்தில் குறிப்பதா என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. குறிக்காவிட்டால் ஆவணம் முழுமையாகாது. குறித்தால் வியாபாரிக்கு வேலை மிச்சம்.