ராம்நாடு கோட்டை: எதை முதலில் பார்ப்பது

பிப்ரவரி 6, வியாழன்

பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கோட்டை எங்கே என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். அரண்மனை என்று கேளுங்கள். போகலூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிய கிழவன் சேதுபதியின் கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது. தர்பார் மண்டபமான ராமலிங்க விலாசமும், அரண்மனை வளாகத்து ராஜராஜேஸ்வரி கோயிலும் நிற்கின்றன.

மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் கோயில். விலாசத்து ஓவியத்தில், கிழவனுக்கு அடுத்து ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதிக்குச் செங்கோல் கொடுப்பவள் இந்த அம்மன்தான். கும்பிட்டுவிட்டுப் போனால் அந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், தொப்பி வைத்த ஐரோப்பியர் வந்து நிற்கும் தர்பார், ராமாயணம், பாகவதம் என்று சுவர் முழுக்க இருக்கிறது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெயிலிலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியாது, கண் பழகட்டும். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரத்தை உறிஞ்சுகிறது. அதோடு உப்பும் ஏறுகிறது. வெயில் வந்ததும் ஈரம் காய்ந்து, உப்பு சாந்துக்குள்ளேயே பூத்து, மேலிருக்கும் வண்ணத்தை அப்பளம் போலத் தூக்கிவிடும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்து ஓவியத்துக்குப் பாயும். அந்த இடத்தில் விரல் படவே கூடாது, பொடியாக உதிரும்.

பிப்ரவரி 7, வெள்ளி

கீழக்கரை ஜும்மா பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே போய்விட வேண்டும், ஜும்மா நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போவது முறையல்ல. வாசலில் கேட்டு அனுமதி வாங்குங்கள். பெண்கள் எதுவரை போகலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்தூண், அதன் உச்சியில் உத்தரம் தாங்கும் போதிகை எல்லாம் நம் கோயில் மண்டபத்தின் வேலைதான். ஆனால் உருவம் ஒன்றுகூட இல்லை. பூவும் கொடியும் மட்டுமே. யாளிக்குப் பழகிய கண், தூணின் முகத்தில் எதையோ தேடிவிட்டு அந்தக் கொடியில் வந்து நிற்கும். வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பதும் இங்கேதான். கிழவன் சேதுபதிக்கு நெருங்கியவர், கோட்டை கட்டக் கைகொடுத்தவர் என்பது இந்தப் பக்கத்து வழக்கு.

வழியில் திருப்புல்லாணி. தர்ப்பையில் சயனித்த ராமரை உச்சிக்கு முன் சேவித்துவிடலாம்.

பிப்ரவரி 8, சனி

ஓரியூர். அதே கிழவன் சேதுபதி ஆட்சியில், 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுகல் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட இடம். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத் தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி குடும்பத்துப் பெண். பகை அங்கிருந்து மூண்டது. விலாசத்தைப் பார்த்தவர்கள் இங்கேயும் வராமல் போகக்கூடாது. ஆட்சி ஒன்றுதான், இது அதன் இன்னொரு முகம். இங்குள்ள செம்மண்ணை அவர் ரத்தம் தோய்ந்ததாகச் சொல்லி, பக்தர்கள் ஒரு பிடி முடிந்துகொண்டு போகிறார்கள்.

தொண்டி வழியாகத் திரும்பினால் தேவிபட்டினத்தில் இறங்கலாம். கடலுக்குள் நவபாஷாணம், ஒன்பது கல். தண்ணீர் ஏறியிருந்தால் சிலவற்றின் தலை மட்டுமே தெரியும்.