வயிற்றுவலிக்கு மூன்று முறை அலைந்தோம்

அக்கா மகனுக்கு எட்டு வயது. திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. பூச்சி மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கடைசியில் குழந்தை டாக்டர்தான், "மனசுல ஏதோ இருக்கு, மனநலப் பிரிவுல காட்டுங்க" என்றார். அவன் அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம்.

முதல் நாள் நான்தான் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, விடுங்கள். சீட்டு போடும் இடத்தில் இருந்தவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "அப்பா வரலையா? எங்க இருக்காரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவன், "துபாய்ல" என்றான். நான் தாய்மாமன் என்றேன். அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பிவிட்டார். மடியில் உட்காரவைத்துக் காது குத்த நான் போதும், ஓ.பி. சீட்டுக்குப் போதாது!

துபாய் என்பது எங்கள் அம்மா அவிழ்த்துவிட்ட பொய். வீடு மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அவனியாபுரத்தில். விமானம் தாழ இறங்கினால் இவன் மொட்டைமாடிக்கு ஓடுவான். அப்பா போன இடம் உண்மையில் எங்களுக்கும் தெரியாது.

இரண்டாவது தடவை அக்கா கூலியை விட்டுவிட்டு வந்தாள். "குழந்தைங்களைப் பார்க்கிற டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் வருவாரு, இன்னைக்கு இல்ல." இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். போவதற்கு முன்னால் கிழமையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி 14416-க்குப் போன் போட்டேன். டெலிமனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். போனில் பேசிய பெண், "பொய்யை முதல்ல நிறுத்துங்க. அவன் வயசுக்குப் புரியிற அளவு உண்மையைச் சொல்லுங்க, போதும்" என்றார். மறுநாள் அக்கா சொன்னாள். அவன் அழவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மூன்றாவது முறை ஒரு துண்டுத்தாளில், "அப்பா உடன் இல்லை. பையன் முன்னால் கேட்க வேண்டாம்" என்று எழுதி, ஆதாரோடு சேர்த்து நீட்டினேன். அதே ஆள்தான். படித்தார், நிமிர்ந்து பார்த்தார், பேசாமல் சீட்டு எழுதினார். எனக்கு அன்று அதுவே பெரிய வெற்றி. தாள் எழுதிக்கொண்டு போங்கள்.

உள்ளே தாளும் கிரேயானும் கொடுத்து வீட்டை வரையச் சொன்னார்கள். எல்லோரையும் வரைந்தான், தெருநாய் உட்பட. நடுவில் பெரிதாக ஒரு செல்போன், விரிசலோடு. அப்பாவின் போனை இவன் கீழே போட்டு உடைத்திருக்கிறான். அடுத்த வாரம் அவர் போய்விட்டார். அதனால்தான் போனார் என்று இரண்டு வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறான். அக்கா அங்கேயே உடைந்துவிட்டாள்.

இந்த வயதில் பிள்ளைகள் இப்படித்தான் பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்ளும் என்றார் டாக்டர். "உன்னால இல்ல"ன்னு ஒரு தடவை சொன்னால் பத்தாது, சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அப்புறம், "வந்துருவாரு" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது, அவன் காதுபட அவரைத் திட்டவும் கூடாது.

இரண்டு திங்கள் வலி இல்லை. மூன்றாவது திங்கள் வந்தது, கொஞ்சமாக. அம்மாவின் வாயைத்தான் கட்ட முடியவில்லை. நேற்றும் அரிசி புடைத்துக்கொண்டே மாப்பிள்ளையைத் திட்ட ஆரம்பித்தார். இவன் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.