காத்தாடி வேண்டாம்னு ஒரு ஊரு

2022 கோடைல கிரீன்வில்லுக்கு வீடு மாறி வந்த புதுசு. மிச்சிகன்ல மான்ட்காம் கவுண்டி, பாக்குற பக்கமெல்லாம் உருளைக்கிழங்கு வயலு. வீட்டுக்கு வீடு முன்னாடி புல்லுல போர்டு நட்டு வச்சிருந்தாங்க, கரண்டு எடுக்குற காத்தாடி வேண்டாம்னு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நான் ஆரல்வாய்மொழி பக்கத்து ஆளு. திருநெல்வேலில இருந்து பஸ்ல வரும்போது காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காத்தாடி கண்ணுல பட்டாதான் ஊரு வந்துட்டுன்னு அம்மா பைய மடில எடுத்து வைப்பா.

அப்புறம் ஒருநாள் வேலைல கூட இருக்கிறவர் ஒரு அட்டையும் பேனாவுமா வந்தார், காத்தாடிக்கு ஆதரவா நின்னதுக்காக அவரோட டவுன்ஷிப் (நம்ம ஊராட்சி மாதிரி) தலைவரான சூப்பர்வைசரையும் கிளார்க்கையும் பதவில இருந்து எறக்க கையெழுத்து வாங்குறாராம். என்னதான் எழுதியிருக்குன்னு பாக்க நான் கைய நீட்டுனேன், அவர் மெதுவா அட்டைய இழுத்துக்கிட்டு, இது எங்க டவுன்ஷிப் வோட்டருங்களுக்கு மட்டும்தான்னார். தப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்கல.

அதுக்கப்புறம் அந்த ரீகால், அதான் பாதில பதவிய பறிக்கிற விஷயத்தை விடாம கேட்டுக் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். மனுல என்ன காரணம் எழுதுனாலும் அது தெளிவா இருக்கா, நடந்த விஷயந்தானான்னு ஜட்ஜு, கவுண்டி கிளார்க்கு, ட்ரெஷரர் மூணு பேரும் உக்காந்து பாப்பாங்க. அது பாஸானா, கடைசி கவர்னர் எலக்‌ஷன்ல அந்த ஊர்ல விழுந்த ஓட்டுல கால் பங்கு அளவுக்கு கையெழுத்து வேணும், அதும் 60 நாளுக்குள்ள. பெறவு அதே பதவிக்கு எதிர்த்து ஒருத்தர் நிப்பார், ஜெயிச்சவருக்கு நாற்காலி. 2022 நவம்பர்ல டக்ளஸ், மேப்பிள் வேலி, வின்ஃபீல்டுன்னு மூணு டவுன்ஷிப்லயும் சேத்து ஏழு பேரை எறக்கிட்டாங்க. இத்தனைக்கும் அதெல்லாம் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லி கூப்பிடுற சின்ன ஊருங்க. நெலத்த குத்தகைக்கு விட்டா வருசா வருசம் காசு வரும்னு நெனச்ச விவசாயியும், ராத்திரி சிவப்பு லைட்டும் எறக்கையோட நெழலும் வேண்டாம்னு சொன்ன ஏரிக்கரைக்காரரும் ஒரே கடைலதான் பால் வாங்கணும். அத நெனச்சா இப்பவும் மனசு சங்கடப்படுது.

ஆனா என் மனசுல பெருசா நின்னது வேற. அதே 2022 பிப்ரவரிலதான் எங்க பேரூராட்சிக்கு கவுன்சிலர் எலக்‌ஷன் நடந்துச்சு. 2016 அக்டோபர்ல பழைய கவுன்சில் முடிஞ்சதுல இருந்து அஞ்சு வருசத்துக்கு மேல கவுன்சிலர்னு ஒரு ஆளே இல்ல, எங்க ஊருன்னு இல்ல, தமிழ்நாடு பூரா பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாத்துலயும் அப்படித்தான், தனி அலுவலர வச்சே ஓட்டுனாங்க. தண்ணி வரலன்னா யாருகிட்ட போயி கேக்கன்னு அப்பா போன்ல கேப்பார், எங்கிட்ட பதில் இருக்காது. இங்க இருக்கிற ஆள பாதில எறக்குறாங்க, அங்க எறக்கறதுக்குக் கூட ஆள் இல்ல. எங்க காத்தாடிங்களுக்கும் வீட்டுல யாரும் ஓட்டு போட்டதா நான் கேள்விப்பட்டதில்ல, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சுத்த ஆரம்பிச்சிட்டு.

2023 நவம்பர்ல மிச்சிகன் தலைநகர் லான்சிங்ல புதுச் சட்டம் போட்டாங்க, நூறு மெகாவாட்டும் அதுக்கு மேலயும் உள்ள காத்தாலைக்கு ஊரு மறுத்தாலும் கம்பெனி மாநில கமிஷன்கிட்ட அனுமதி கேக்கலாம்னு. அட்டையோட வந்தவர் அன்னைக்கு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். எனக்கு கரண்டும் வேணும், காத்தாடியும் புடிக்கும், ஆனாலும் அவர் பக்கத்துல போயி உக்காந்தேன், ஏன்னா ஊரோட வார்த்தைக்கு மதிப்பு இல்லாமப் போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இந்த ஊரு இப்போ பழகிட்டு. பனில காரு ஓட்டுறேன், எலக்‌ஷன் வந்தா எந்த டவுன்ஷிப்ல யாரு நிக்கிறாங்கன்னு கூட தெரியும். ஆனா ஆடி மாசம் அம்மாகிட்ட பேசுனா போன்ல பாதி காத்துதான் கேக்கும், வேணும்னே பேச்ச இழுப்பேன்.

"அங்க காத்தாடி வந்துட்டா மக்ளே?"

"இல்லம்மா, ஓட்டு போட்டு வேண்டாம்னுட்டாங்க."

"காத்தாடிக்கா ஓட்டு? அங்க அப்படியெல்லாம் கேப்பாவளா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள பொறவாசக் கதவு டமார்னு அடிச்ச சத்தம் கேட்டுச்சு. இரி, சாத்திட்டு வாரேன்னு போனா. நான் போன காதுல வச்சிக்கிட்டே அந்தக் காத்தைக் கேட்டுட்டு நின்னேன்.