சிடி ஓடுது, டிவிடி ஓடல: லேப்டாப் டிரைவில் கோளாறு எங்கே?

டிஸ்க் எடுக்கவில்லை என்றதும் ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டாம். கடையில் வாங்கிய பாட்டு சிடி ஒன்று, பட டிவிடி ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாலே பாதி தெரிந்துவிடும். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். சிடி ஓடி டிவிடி மட்டும் ஓடாவிட்டால், டிரைவை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பலனில்லை. லென்ஸில் அழுக்கு, இல்லையேல் சிவப்பு லேசர் தேய்ந்துவிட்டது.

லேப்டாப் டிரைவில் லென்ஸ் டிரேயோடு வெளியே வந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை. 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து, மேலோட்டமாகத் துடைத்தால் போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் மிதக்கிறது, அழுத்தினால் கோணிப்போகும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும்.

எந்த டிஸ்க்கும் ஓடாமல், விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 19 அல்லது 39 என்ற பிழை எண்ணும் இருந்தால், பெரும்பாலும் டிஸ்க்கில் எழுதும் பழைய பர்னிங் மென்பொருள் விட்டுப்போன ஃபில்டர் (டிரைவருடன் சேர்ந்து இயங்கும் துணை நிரல்) தான் காரணம். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியின் கண்ட்ரோல், கிளாஸ் பகுதியில் 4டி36இ965 (4D36E965) என்று தொடங்கும் கீயை, அதாவது ஃபோல்டர் போன்ற பதிவை, முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்யவும். அருகிலேயே 4டி36இ967 என்று தொடங்கும் இன்னொரு கீ இருக்கும். அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. அங்கே அழித்தால் விண்டோஸே பூட் ஆகாமல் போகலாம்.

விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே டிரைவ் பெயர் இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரி பக்கம் போகவே வேண்டாம். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பல மாடல்களில் அடியிலுள்ள ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிரைவ் வெளியே வரும். இழுத்து, மறுபடி அழுத்திச் செருகிப் பார்க்கவும்.

படிக்கிறது, எழுத மட்டும் மறுக்கிறது என்றால் கதை வேறு. படிப்பதைவிட எழுதுவதற்குப் பல மடங்கு லேசர் சக்தி வேண்டும். வேறு பிராண்ட் வெற்று டிவிடியில், 4எக்ஸ் வேகத்தில் முயலவும். அப்போதும் லேசர் சக்தியைச் சரிப்படுத்த முடியவில்லை என்னும் பவர் கேலிபரேஷன் எரர் வந்தால் லேசரின் ஆயுள் அநேகமாக முடிந்தது. உள்ளேயிருக்கும், லேசர் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் சின்ன பொட்டென்ஷியோமீட்டரைத் திருகினால் சரியாகும் என்பார்கள். ஆனால் அப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் லேசரும் எரிந்துபோகும்.

மாற்று டிரைவ் வாங்கும்போது தடிமனைப் பார்க்கவும்: 12.7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. ஆடும், 9.5 மி.மீ. இடத்தில் 12.7 மி.மீ. நுழையவே நுழையாது. புதியதன் முன்பட்டை பொருந்தாவிட்டால் பழையதன் பட்டையைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.