ஒரே தண்ணீர்தான்: கார்பெட்டுக்கு இன்சூரன்ஸ் காசு வந்தது, எஞ்சினுக்கு வரவில்லை

போன வருடம் ஜூன் மழையில் என் கார் கொட்டகலைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் நின்றுபோனது. எஞ்சினுக்கு வாங்கிய கடனின் கடைசித் தவணை போன வாரம்தான் முடிந்தது, அதனால் இப்போது கொஞ்சம் கோபமில்லாமல் எழுதலாம்.

கார் 1998 ஹொண்டா சிவிக், எல்லோரும் ஈகே த்ரீ என்பார்களே, அதுதான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் புதுக் கார் ஆசையை மூட்டை கட்டிவிட்டு, இருக்கிற பழசுக்கு நகை போட ஆரம்பித்தவர்களில் நானும் ஒருவன். அலோய் வீல், சைலன்சர், அப்புறம் எஞ்சின் காற்றை இழுக்க ஒரு அலுமினியக் குழாயும் அதன் நுனியில் கோன் ஃபில்டரும். அதே வேலைக்குக் கார் கம்பனி வைத்த ஏர் பொக்ஸ் பொனட்டுக்குக் கீழே உயரத்தில் இருக்கும். இந்தக் குழாயோ பம்பருக்குப் பின்னால் நன்றாகக் கீழே இறங்கும். குளிர்ந்த காற்றை இழுக்குமாம், இழுவை கூடுமாம். ஹட்டனில் இருந்துகொண்டு இன்னும் என்ன குளிர்ந்த காற்று உனக்கு என்று அப்பா கேட்டார். கூடியது சத்தம் மட்டும்தான்.

அன்றைக்கு ஓட்டியது நான் இல்லை, மச்சான், தங்கச்சியின் புருஷன். தலவாக்கலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு இரவு திரும்பி வரும்போது ரோட்டில் தண்ணீர் நின்றிருக்கிறது, முன்னால் போன பஸ் போய்விட்டது, நாமும் போகலாம் என்று இறக்கிவிட்டார். பஸ் கிளப்பிய அலை பம்பர் மேல் ஏறியது, கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பயத்தில் மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் எனக்குக் கோல்.

எஞ்சினுக்குள் நடந்ததைக் கராஜ் பாஸ் எனக்கு ஒரு பிளேன்டீக் கிளாஸை வைத்துக் காட்டினார். நாலு சிலிண்டர், மொத்தம் 1,500 சிசி என்றால் ஒன்றுக்கு 375 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் 40 சிசி சொச்சம்தான். காற்றும் பெட்ரோலும் அந்த இடத்துக்குள் நசுங்கி அடங்கும், தண்ணீர் நசுங்காது. அந்தக் கிளாஸில் பாதித் தண்ணீர் போதும், மேலே வருகிற பிஸ்டன் கல்லில் மோதின மாதிரி நிற்கும், பிஸ்டனைக் கீழிருந்து தள்ளுகிற கனெக்டிங் ரொட் வளையும். எங்களுக்கு வளைந்தது இரண்டு. ஒன்று சிலிண்டர் சுவரையும் கீறிவிட்டது, அதனால் ரொட்டை மட்டும் மாற்றித் தப்பிக்க வழியில்லை.

எனக்கு ஃபுல் இன்சூரன்ஸ், வெள்ளத்துக்கும் தனியாகக் காசு கட்டியிருந்தேன். அசெஸர் வந்தார், படம் எடுத்தார், நல்ல மனுஷன்தான், மரியாதையாகத்தான் பேசினார். "நின்ற பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மச்சான் வெள்ளந்தியாக "மூணு தரம் பண்ணேன் சேர்" என்றார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உள்ளே புகுந்த தண்ணீரால் கெட்ட கார்பெட், சீட், இரண்டு சென்சர், இழுத்துவந்த கெரியர் கூலி எல்லாம் தருவார்களாம். எஞ்சினுக்கு இல்லை. காரணம் இரண்டு: அறிவிக்காமல் செய்த மாற்றம், நின்ற எஞ்சினைத் திரும்பத் திரும்ப இயக்கியது.

ஒரே பள்ளம், ஒரே தண்ணீர், ஒரே இரவு. கார்பெட்டை நனைத்தால் வெள்ளம், எஞ்சினுக்குள் போனால் என் தப்பு!

முதல் காரணத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை, அது உண்மை. காப்புறுதி என்பதே உள்ளதை உள்ளபடி சொல்லி வாங்குகிற ஒப்பந்தம். படிவத்தில் மாற்றங்கள் உண்டா என்ற கேள்விக்கு நான் "இல்லை" போட்டிருந்தேன், அலோய் வீலைக்கூடச் சொல்லவில்லை. பிரீமியம் ஏறும் என்று பயம், வேறொன்றும் இல்லை. அதோடு, அந்தக் குழாய் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் வாதாடலாம், தண்ணீர் உள்ளே போன வழியே அதுதான்.

இரண்டாவது காரணத்தைத்தான் விடவில்லை. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே குலுங்கி நின்றது. ஓடுகிற வேகத்தில் தண்ணீர் உள்ளே போனால் ரொட் அந்தக் கணத்திலேயே வளைந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணுகிற செல்ஃப் மோட்டருக்கு அவ்வளவு பலமே கிடையாது என்றார் பாஸ். அது முழுக்கச் சரியில்லை, செல்ஃப்பாலும் வளைய வாய்ப்பு உண்டு, ஆனால் எந்த அடியில் எது வளைந்தது என்று எஞ்சினைக் கழற்றிப் பார்க்காமலே கம்பனி எப்படி எழுதியது? இதைக் கேட்டுப் பதில் கடிதம் போட்டேன். காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிடம் போவதென்றாலும் முதலில் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டுப் பதில் வாங்கியிருக்க வேண்டும். பதில் வந்தது. இரண்டாவது காரணத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, முதலாவதை மட்டும் வைத்து மறுபடி "இல்லை". அதோடு நான் நிறுத்திக்கொண்டேன். என் கையெழுத்துப் போட்ட படிவம் அவர்கள் கையில் இருக்க, கொழும்புக்கு அலைந்து என்ன செய்ய?

வேறு யாரிடம் கேட்கலாம் என்றும் யோசித்தேன். குழாயைப் பூட்டிய பையனிடமா? கேட்டதை அவன் சரியாகத்தான் பூட்டினான், மழைக்காலத்தில் கவனம் அண்ணே என்றும் சொன்னான். மச்சானிடமா? அங்கேதான் வீட்டில் பிரச்சினை. ஓட்டினவர்தானே கட்ட வேண்டும் என்று அம்மா, குழாய் போட்டவன்தானே கட்ட வேண்டும் என்று தங்கச்சி, இரண்டு வாரம் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. மச்சான் முழுவதையும் தானே கட்டுகிறேன் என்றுதான் வந்தார். கம்பனி ஏர் பொக்ஸ் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் கார் தாண்டியிருக்கும் என்று பாஸ் சொன்ன பிறகு, எனக்கு அதை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய ஜப்பான் எஞ்சின் எடுத்தோம். மூன்றில் இரண்டு பங்கு நான், ஒரு பங்கு மச்சான், பூட்டுகூலியில் பாதியைப் பாஸ் விட்டுக்கொடுத்தார். குழாய் போட்ட அன்றைக்கு ஏர் பொக்ஸைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்திருந்தேன், அதே மாதிரி ஒன்றை இப்போது குழாயின் விலைக்கு மேல் கொடுத்து வாங்கினேன். இந்த வருடம் படிவத்தில் அலோய் வீல், சைலன்சர் இரண்டையும் எழுதினேன். பிரீமியம் ஏறியது, நான் பயந்த அளவில் பாதிகூட இல்லை.