எண்ணெய்ப் புட்டியும் கறுப்பு அட்டையும்

சிங்கப்பூரின் தேக்காவில் கடை வைத்திருக்கும் நண்பருக்காக, நல்லெண்ணெய்க் கண்ணாடிப் புட்டியின் படத்தைக் கணினியிலேயே உருவாக்குவதில் மூன்று இரவுகள் கழிந்தன. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண்ணைக் கண்ணாடிக்கு 1.52 என்றும் எண்ணெய்க்கு 1.47 என்றும் சரியாகவே கொடுத்திருந்தும், எண்ணெய் புட்டிக்குள் ஒட்டாமல் நிற்பதுபோலத் தெரிந்ததற்குக் காரணம், இரண்டுக்கும் நடுவே நான் விட்டிருந்த மயிரிழை இடைவெளியை மென்பொருள் காற்றாகக் கணக்கிட்டதுதான். எண்ணெயின் வடிவம் கண்ணாடிச் சுவருக்குள் சற்றே நுழையும்படி பெரிதாக்கியதும், உட்சுவர் ஏறக்குறைய மறைந்து, பொன்னிறம் வெளிவிளிம்புவரை நிறைந்தது. அடியிலிருந்த கருந்திட்டுகள், ஓர் ஒளிக்கதிர் எத்தனை பரப்புகளை ஊடுருவலாம் என்ற வரம்பை 4இலிருந்து 16ஆக உயர்த்தியபோது அகன்றன.

ஆனால் வெள்ளைப் பின்னணியில் புட்டியின் ஓரங்கள் கரைந்துபோயின. விளக்குகளைக் கூட்டக் கூட்ட மேலும் கரைந்தன (அந்தப் பிடிவாதத்துக்கே ஓர் இரவு போயிற்று). பொருட்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர்களைப் போல, சட்டகத்துக்கு வெளியே இருபுறமும் கறுப்பு அட்டைகளை நிறுத்திய பிறகே, அவற்றின் பிம்பம் ஓரங்களில் கோடாக விழுந்து புட்டிக்கு உருவம் கொடுத்தது.