மேசைக்கு அடியில் ஒரு நண்பன்
மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், எதைச் சொன்னாலும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான், திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், ம்ஹும். அப்புறம்தான் ஆசிரியர்கள் சொல்லும் அந்த 2 நிமிடம், 10 நாள் முறையைக் கையில் எடுத்தேன்: தொடர்ந்து 10 பள்ளி நாட்கள், தினம் 2 நிமிடம் அவனுக்குப் பிடித்ததைப் பற்றி மட்டும் பேச வேண்டும், பாடம், நடத்தை என்று ஒரு வார்த்தை வரக்கூடாது (எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது). மூன்று நாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான்காம் நாள் தரையில் ஊர்ந்த எறும்பைக் காட்டினேன். "டீச்சர், எறும்புக்குக் காதே கிடையாது, அதிர்வைக் காலாலதான் தெரிஞ்சுக்கும்" என்றான். சரிதான்! இப்போதும் சில நாள் அடியில் போகிறான், ஆனால் "அஞ்சு நிமிஷம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு.